வாசற்படிக்கு வந்தவர்கள்

நாடாளுமன்றத் தேர்தலைப் பற்றி மணிக்கணக்கில் விவாதிக்கத் தெரிந்த நம்மில் பலருக்கும் நம்முடைய வார்டின் எண் தெரியாது. தில்லியின் கூட்டணிக் கணக்குகள் மனப்பாடம். தெருமுனைக் குழாயில் தண்ணீர் வரும் நாளை மட்டும் வீட்டிலிருக்கும் பெண்களிடம் கேட்டுத்தான் சொல்வோம். ‘கவுன்சிலர்’ என்ற சொல்லைக் கேட்டதும் சினிமா நமக்குக் கற்றுத் தந்த உருவமொன்று எழுந்து வருகிறது: வெள்ளை வேட்டி, தடித்த மோதிரம், பின்னால் நாலு பேர். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இலக்கியம் பேசுகிறவர்களிடம் இந்தச் சிரிப்பு இன்னும் கொஞ்சம் கூடுதல் என்றே தோன்றுகிறது. அரசியல் என்றால் கோட்பாடு, வரலாறு, புரட்சி என்று பழகியவர்களுக்குச் சாக்கடை அடைப்பு ஒரு பேசுபொருளாகத் தெரிவதில்லை.

இந்தக் கட்டுரை வார்டுத் தேர்தலில் நிற்கிறவர்களைப் பற்றியது. வென்றவர்களைவிட நின்றவர்களைப் பற்றியே அதிகம். ‘நாங்கள்’ என்று இதில் வருவது மதுரையில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் கூடிப் புத்தகம் பேசும் ஐந்தாறு பேரை. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, நாங்கள் எதிர்பாராமலே ஒரு வேட்பாளருக்கு அருகில் நிற்க நேர்ந்தது. அந்த மூன்று வாரங்களில் கண்டவற்றையும், அதையொட்டிப் படித்தவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் அளவைப் பற்றிச் சொல்லவேண்டும். நாடாளுமன்றத் தொகுதி என்பது பத்து, பதினைந்து இலட்சம் வாக்காளர்களின் கடல். சட்டமன்றத் தொகுதி சில இலட்சம். 2011இல் எல்லை விரிவாக்கப்பட்ட மதுரை மாநகராட்சிக்கு 100 வார்டுகள். ஒரு வார்டுக்குச் சராசரியாகப் பதினையாயிரம் பேர் அளவில் வரும். குழந்தைகளையும் வாக்களிக்க வராதவர்களையும் கழித்துவிட்டால், வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பவர்கள் சில ஆயிரம் பேர். அதாவது, ஒரு வேட்பாளர் மனது வைத்தால் எல்லா வாசற்படிகளிலும் ஏறி இறங்கிவிடக்கூடிய ஒரே தேர்தல் இதுதான். மேடை இல்லாமல், ஒலிபெருக்கி இல்லாமல், முகத்தைப் பார்த்துக் கேட்டாக வேண்டும். கேட்கப்படுகிறவரும் முகத்தைப் பார்த்தே பதில் சொல்லியாக வேண்டும். இந்த அண்மை கூச்சம் தருவது. இருதரப்புக்கும்தான்.

எங்கள் வார்டு அந்தத் தேர்தலில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. தமிழ்நாட்டில் உள்ளாட்சி இடங்களில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் திருத்தப்பட்டது. அதன்படி நடந்த முதல் நகர்ப்புறத் தேர்தல் இது. இரண்டு பெரிய கூட்டணிகளுக்கும் ஆளுக்கொரு வேட்பாளர். சுவரொட்டிகளில் வேட்பாளரைவிட அவருடைய கணவரின் படம் சற்றே பெரிதாக இருந்தது. வாசலுக்கு வந்தபோதும் பேசியவர் கணவர்தான். “நம்ம வீட்டம்மாதாங்க நிக்கிறாங்க. பேருக்குத்தான் அவங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்குவேன், கவலப்படாதீங்க” என்றார். அதை அவர் ஒரு சிபாரிசாகவே சொன்னார் என்பதுதான் விசேஷம். பக்கத்தில் கைகூப்பி நின்ற அந்த அம்மாள் தெருவின் வீடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவதாக ஒருவர் இருந்தார். இருபது ஆண்டுகள் கட்சிக்குச் சுவரொட்டி ஒட்டியவர். சீட்டு வேறு வீட்டுக்குப் போன கோபத்தில் தம் தங்கையைச் சுயேச்சையாக நிறுத்தியிருந்தார். தெருவில் எந்த மூடியைத் திறந்தால் எந்தக் குழாய் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவுக்குக் கட்சியில் ஒரு விலையும் இல்லாமல் போனது என்ற வருத்தம் அவர் பேச்சில் இருந்தது.

நான்காவது வேட்பாளர் எங்கள் தெருவில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்கா.

அவர் ஏன் நின்றார் என்பதற்குப் பெரிய கதை ஒன்றும் இல்லை. இட்லிக்கடைக்குத் தண்ணீர்தான் மூலதனம். அரிசி ஊறவைக்க, மாவரைக்க, பாத்திரம் கழுவ, வருகிறவர்களுக்குக் குடிக்கக் கொடுக்க எல்லாவற்றுக்கும் தண்ணீர். ஒருநாள் விட்டு ஒருநாள் என்று சொல்லப்பட்ட குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாததால், விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து குழாயைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருப்பது அவர் வழக்கம். இதைச் சொல்லிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் அப்போது ஆள் இல்லை. ஒரு வார்டுக்கோ இரண்டு வார்டுக்கோ இல்லை, தமிழ்நாட்டின் எந்த நகரத்துக்கும் இல்லை.

இது மறந்துபோகக் கூடாத செய்தி என்பதால் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 74ஆவது திருத்தம் 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. நகராட்சி மன்றத்தின் ஆயுள் ஐந்தாண்டு என்றும், அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் நடந்து முடிந்திருக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. அந்த விதி வருவதற்கு முன்பிருந்த நிலைமைக்குச் சென்னையே சாட்சி. 1973இல் கலைக்கப்பட்ட சென்னை மாமன்றம் 1996இல்தான் மீண்டும் தேர்தலைக் கண்டது. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மாநகரம் அதிகாரிகளால் மட்டுமே ஆளப்பட்டது. திருத்தத்துக்குப் பின் 1996, 2001, 2006, 2011 என ஒழுங்காகத் தேர்தல்கள் நடந்தன. 2016 அக்டோபரில் நடக்கவேண்டிய தேர்தலுக்கான அறிவிக்கையைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதத்தோடு மன்றங்களின் காலம் முடிந்தது. பிறகு வார்டு மறுவரையறை, வழக்கு, காலநீட்டிப்பு என்று போய், ஊரகப் பகுதிகளில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19ஆம் தேதியும்தான் வாக்குப்பதிவு நடந்தது. இடையில் ஐந்தாண்டுகளுக்கும் மேலாக நகரங்களைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். கொரோனாவின் முதல் இரண்டு அலைகளும் அந்த வெற்றிடத்தில்தான் வந்து போயின. யாருக்குச் சோறு போய்ச் சேரவில்லை, எந்தத் தெருவில் யார் தனியாகக் கிடக்கிறார் என்று அறிந்து சொல்லவேண்டிய இடத்தில், மக்கள் தேர்ந்தெடுத்த ஆள் ஒருவர்கூட இல்லை. ஒரு மன்றமே காணாமல் போனதற்கு நகரம் எவ்வளவு அமைதியாக இருந்தது என்பதை எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

அக்கா வேட்புமனு வாங்கியது இந்தப் பின்னணியில். மாநகராட்சி வார்டுக்கு வைப்புத்தொகை 4,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அதில் பாதி. வார்டின் வாக்காளர் ஒருவர் முன்மொழிய வேண்டும். எங்களில் ஒருவர் கையெழுத்திட்டார். பிறகு அவர் மொட்டைமாடிக்கு ஏறி வந்து, “தம்பி, நீங்கள்லாம் எழுதுறவங்க. எனக்கு ஒரு நோட்டீஸ் எழுதிக் குடுங்க” என்று கேட்டார். என்ன எழுதவேண்டும் என்று கேட்டோம். யோசிக்கவே இல்லை. நாலு விஷயம் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதிக்கொண்டோம்.

தண்ணீர் வரும் நாளும் நேரமும் முதல்நாளே தெருமுனையில் எழுதிப் போடப்படும். பள்ளிக்கூடத்து முக்கில் விளக்கு எரியும். பாதாளச் சாக்கடை அடைத்தால் மனிதரை உள்ளே இறக்காமல் இயந்திரம் வரவழைக்கப்படும். மாதம் ஒருமுறை, நடந்தது என்ன, நடக்காதது என்ன என்று கடைவாசலில் கணக்குச் சொல்லப்படும்.

அச்சகத்தின் பெயரும் பிரதிகளின் எண்ணிக்கையும் கீழே இருக்கவேண்டும் என்பது விதி. அவற்றையும் சேர்த்து மொத்த அறிக்கையும் ஒரு கையளவுத் தாளில் அடங்கிவிட்டது.

அந்த நாலு வரிகளைப் பற்றி நாங்கள் பல மாலைகள் பேசினோம். முதலிரண்டும் எளியவை. மூன்றாவது வரி சட்டத்தைத்தான் சொல்கிறது. கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் சாக்கடைக்குள்ளும் பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. சட்டம் இருக்கிறது, சாவுச் செய்திகளும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. தம் வார்டில் அந்தச் சட்டம் நடக்கும் என்று ஒருவர் சொல்வது சிறிய வாக்குறுதி இல்லை. ஆனால் எங்களை அதிகம் யோசிக்க வைத்தது நாலாவது வரி. கணக்குச் சொல்வேன் என்பது.

மதுரையிலிருந்து வடக்கே வெகுதூரத்தில், காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், கோயில் சுவரில் ஒரு தேர்தல் விதிமுறை கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்தது. 919, 921 ஆகிய ஆண்டுகளின் கல்வெட்டுகள். குடவோலை முறை என்று பள்ளிப் பாடத்தில் நாமெல்லோரும் படித்ததுதான். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இன்றைய மொழியில் வார்டு எனலாம். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். ஆக, அன்றும் தண்ணீருக்கென்று ஒரு குழு இருந்தது. வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள். கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம். சொந்த மனையில் வீடு. வேதக் கல்வி என்று தகுதிகள் போகின்றன. தகுதியின்மைகளின் வரிசையில் முன்னால் வருகிறது ஒரு விதி: முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவர் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் போடப்படக் கூடாது.

இதை நம் பழம்பெருமையாகக் கொண்டாடுவோர் உண்டு. கொண்டாடுமுன் ஒன்றையும் கவனிக்கவேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாக விடப்பட்ட ஊரின் சபை. நிலமில்லாதவனுக்கும், பிற சாதியாருக்கும், பெண்ணுக்கும் அந்தக் குடத்தில் ஓலை இல்லை. எங்கள் அக்கா அங்கே பிறந்திருந்தால் வெளியே நின்று வேடிக்கைகூடப் பார்த்திருக்க முடியுமா என்பது சந்தேகம். ஆயினும் கணக்குக் காட்டாதவன் உறவினரோடு விலக்கப்படுவான் என்ற அந்த விதியை, கல்வெட்டைப் பற்றி ஏதும் அறியாமலே அவர் தம் நோட்டீசின் கடைசி வரியில் எழுதச் சொன்னார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பு உள்ளே இருந்தவர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்டதை, அன்று வெளியே நிறுத்தப்பட்டவர்களின் வழிவந்தவர் இன்று தனக்குத்தானே விதித்துக்கொள்கிறார். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்ற ஏற்பாட்டின் பொருள் எங்களுக்கு அந்த ஒப்பீட்டில்தான் முழுதாக விளங்கியது.

நகராட்சிப் பதவியைச் சிறியது என்று நினைக்கும் வழக்கமும் நமக்கு அண்மையில் வந்ததுதான். இராஜாஜி 1917இல் சேலம் நகராட்சித் தலைவரானார். அதே காலத்தில் ஈரோட்டின் நகராட்சித் தலைவராக இருந்தவர் பெரியார். அவ்வூருக்குக் குழாய்வழிக் குடிநீர் வரக் காரணமானவர்களில் ஒருவர் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். சிங்காரவேலர் 1920களில் சென்னை மாநகராட்சி உறுப்பினர். 1939இல் சென்னை மேயரான சத்தியமூர்த்தியின் முயற்சியில் உருவானது பூண்டி நீர்த்தேக்கம். அது 1944இல் முடிந்தபோது அவர் உயிரோடு இல்லை. தமிழகத்தின் அரசியலை ஒருவருக்கொருவர் எதிரெதிராக நின்று வடித்தவர்கள் இவர்கள். எல்லோருமே குழாய்க்கும் குப்பைக்கும் பதில் சொல்லும் இடத்தில் சில காலம் நின்றிருக்கிறார்கள். அந்தப் பதில் சொல்லல் அவர்களைச் சிறுமைப்படுத்திவிடவில்லை.

சிறியது என்று சிரிக்கிறவர்களுக்கு மதுரையிலேயே இன்னொரு விடையும் இருக்கிறது. 1996 தேர்தலில் வில்லாபுரம் பகுதியிலிருந்து மாநகராட்சிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் லீலாவதி. கைத்தறி நெசவுக் குடும்பம்; மார்க்சிஸ்ட் கட்சியும் மாதர் சங்கமும் அவருடைய களங்கள். அந்தப் பகுதிக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவர அவர் போராடினார். தண்ணீர் வந்தால் தண்ணீர் விற்பவர்களுக்கு வேலை போய்விடும். 1997 ஏப்ரல் 23ஆம் தேதி, பட்டப்பகலில், தெருவில் வைத்து அவரை வெட்டிக் கொன்றார்கள். பதவியேற்று ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. அதே 1997 ஜூன் மாதக் கடைசியில் மதுரைக்கருகே மேலவளவில், தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சித் தலைவர் பதவிக்கு நின்று வென்ற முருகேசனையும் அவரோடு ஐந்து பேரையும் சாதிவெறி கொன்றது. ஒன்று மாநகராட்சி, மற்றது கிராம ஊராட்சி. நிற்பதே குற்றமாகப் பார்க்கப்பட்ட இடங்கள் இவை. ஒரு குழாய், ஒரு நாற்காலி. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு அவை சின்னஞ்சிறியவை. அவற்றைக் கைவசம் வைத்திருப்பவர்களுக்குத்தான் அவற்றின் உண்மையான மதிப்புத் தெரிந்திருக்கிறது. அற்பமான பதவிக்காக யாரும் கொலை செய்வதில்லை.

எங்கள் தெருவிலும் அதன் மிக மெல்லிய நிழல் ஒன்று விழுந்தது. வேட்புமனுவைத் திரும்பப் பெறும் கடைசி நாளுக்கு முந்தைய இரவு, கடையடைக்கும் நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். மிரட்டவில்லை. மிக மரியாதையாகவே, “அக்கா, எதுக்கு உங்களுக்கு வீண் அலைச்சல்? வாபஸ் வாங்கிட்டீங்கன்னா, கட்டுன பணத்துக்கு மேலயே நாங்க பாத்துக்கிறோம்” என்றார்களாம். அக்கா அவர்களுக்கு ஆளுக்கு இரண்டு இட்லி வைத்துக் கொடுத்துவிட்டு, “சாப்ட்டுப் போங்க தம்பி. நாலாயிரத்துக்கு நான் நிக்கல” என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை அதை எங்களிடம் சொன்னபோது அவர் கை, மாவு கரைத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அன்றிலிருந்து வாக்குப்பதிவு நாள்வரை, அவர் பையன் இரவில் கடையிலேயே படுத்துக்கொண்டான்.

சுயேச்சைகளுக்கு ஒதுக்கப்படும் சின்னங்களைக் கவனித்திருக்கிறீர்களா? சீப்பு, கட்டில், ஏணி, பூட்டு சாவி என்று பெரும்பாலும் வீட்டுச் சாமான்கள். சூரியனும் தாமரையும் கட்சிகளுக்குப் போய்விட, மிச்சமிருப்பவர்களுக்கு வீட்டிலுள்ள பண்டபாத்திரங்கள் கிடைக்கின்றன. இதில் ஒரு பொருத்தம் இருப்பதாக எங்களுக்குப் பட்டது. வார்டுத் தேர்தலே வீட்டு வாசலுக்கு வெளியே பத்தடி தூரத்தில் இருப்பவற்றைப் பற்றியதுதானே!

அக்காவோடு நாங்களும் மாலைகளில் வீடு வீடாகப் போனோம். வாக்குக் கேட்பவரின் பின்னால் நின்று தெருவைப் பார்ப்பது தனி அனுபவம். கதவுக்குப் பின்னால் இருந்தவர்கள் தேர்தலைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. முதியோர் உதவித்தொகை ஏன் நின்றுபோனது, பிறப்புச் சான்றிதழில் பெயரைத் திருத்த யாரைப் பார்ப்பது, சொத்துவரி ரசீதில் செத்துப்போனவர் பெயரே இன்னும் வருகிறதே என்றெல்லாம் கேட்டார்கள். இவற்றில் பாதிக்கு மேல் கவுன்சிலரின் அதிகாரத்தில் வராதவை. இங்கேதான் இந்தப் பதவியின் முரண் இருக்கிறது. 74ஆவது திருத்தம் 18 பொறுப்புகளை அட்டவணையிட்டு, அவற்றை நகராட்சிகளுக்கு வழங்கலாம் என்று மாநிலங்களுக்குச் சொல்லிற்று. ‘வழங்கலாம்’ என்ற சொல் போதிய இடைவெளி விட்டுவிட்டது. நிர்வாகம் ஆணையர் கையில். பெரிய நிதி மாநில அரசின் கையில். கவுன்சிலரிடம் இருப்பது மாமன்றத்தில் எழுந்து கேட்கும் ஒரு குரலும், வார்டுக்கென ஒதுக்கப்படும் சிறிது பணமும். மாதமொரு மதிப்பூதியமே 2023இல்தான் அறிவிக்கப்பட்டது. மாநகராட்சி உறுப்பினருக்கு 10,000 ரூபாய். மக்களுக்கு மிக அருகில் இருப்பவரிடம் மிகக் குறைந்த அதிகாரம். அதனால்தான் அந்தப் பதவிக்கு வருகிறவர்களில் சிலர் அதிகாரத்தைச் சட்டத்துக்கு வெளியே தேடிக்கொள்கிறார்கள். வீடு கட்டுகிறவரிடம் கைநீட்டும் கவுன்சிலரைத் திட்டும்போது, அவருக்கு நேர்வழியில் செய்ய எதை மிச்சம் வைத்தோம் என்பதையும் சேர்த்துக் கேட்டாகவேண்டும். கைநீட்டுவதற்கு இது நியாயமாகாது. ஆனால் காரணங்களில் ஒன்று.

வாக்குப்பதிவுக்கு முந்தைய இரவுகளில் பணம் வந்தது என்று தெருவில் பேச்சு இருந்தது. எங்களில் ஒருவர் கொதித்துப் பேசினார். அக்கா அவரைத் தடுத்துச் சொன்ன வார்த்தை இது: “வாங்குறவங்கள நான் குத்தம் சொல்லமாட்டேன் தம்பி. அஞ்சு வருஷத்துல தெருவுக்கு வந்து சேந்த ஒரே வரிப்பணம் இதுதான்னு நெனைக்கிறாங்க. அந்த நெனப்பத்தான் மாத்தணும்.” இந்த மூன்று வாக்கியங்களுக்கு நிகரான அரசியல் விமர்சனம் ஒன்றை அந்தத் தேர்தல் காலத்தில் நாங்கள் எங்கும் படிக்கவில்லை.

மாநிலம் முழுவதும் சுமார் 61 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சென்னையில் அது 44 சதவீதத்தையும் எட்டவில்லை. நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி அது, 1688இல் அமைக்கப்பட்டது. அந்தத் தேர்தலில் சென்னை மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4ஆம் தேதி 28 வயது பிரியா மேயரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் தலித் பெண் அவர். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்து வந்த அந்த மாற்றத்தை, நகரத்தின் பாதிக்கும் மேற்பட்டோர் வாக்குச்சாவடிக்கு வராமலே பார்த்தார்கள்.

எங்கள் வார்டின் முடிவு பிப்ரவரி 22ஆம் தேதி காலையிலேயே தெரிந்துவிட்டது. அக்காவுக்கு 287 வாக்குகள். பதிவானவற்றில் ஆறில் ஒரு பங்கு இல்லாததால் வைப்புத்தொகை போயிற்று. சுவரொட்டியில் சிறிதாக இருந்த அந்த அம்மாள் வென்றார்.

287 என்ற எண்ணை நாங்கள் எளிதில் கடந்துவிட முடியவில்லை. பணமோ பரிசுப் பொருளோ சாதிக் கணக்கோ இல்லாமல், நாலு வரிகளைப் படித்துவிட்டு வரிசையில் நின்றவர்கள் அவர்கள். அவர் தோற்பார் என்பதும் அவர்களில் அநேகருக்குத் தெரிந்திருக்கும். வெல்கிறவருக்குப் போடும் வாக்கு பெரும்பாலும் ஒரு கணிப்பு. தோற்கப்போகிறவருக்குப் போடும் வாக்கில் வேறெதுவும் கலப்பதற்கில்லை. அதில் இருப்பது விருப்பம் மட்டுமே.

தோற்றவர் யாருக்கும் கணக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் மார்ச் முதல் தேதியிலிருந்து அக்கா நாற்பது பக்க நோட்டு ஒன்றில் எழுதத் தொடங்கினார். தண்ணீர் வந்த தேதி, வந்த நேரம், நின்ற நேரம். சாக்கடை பொங்கிய நாள், புகார் சொன்ன நாள், ஆள் வந்த நாள். மாதக் கடைசியில் அதைக் கடையின் கரும்பலகையில், இட்லி தோசை விலைப்பட்டியலுக்குக் கீழே சுருக்கி எழுதிவிடுவார். சாப்பிட வருகிறவர்கள் வாசித்தார்கள். தண்ணீர் திறந்துவிடும் பணியாளரும் அங்கேதான் சாப்பிடுவார், அவரும் வாசித்தார்.

2022 நவம்பர் 1ஆம் தேதி, தமிழ்நாட்டு நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூட்டப்பட்டன. கிராமசபையைப் போல நகரத்துக்கும் ஒன்று வேண்டும் என்ற நீண்டநாள் கோரிக்கையின் விளைவு அது. எங்கள் பகுதிக் கூட்டத்துக்கு அக்கா நோட்டோடு போனார், நாங்களும் போனோம். எட்டு மாதத் தேதிகளை அவர் வரிசையாகப் படித்தார். குரலில் கோபம் இல்லை. கணக்குப் படிக்கிற குரல்தான். மாநகராட்சிப் பொறியாளர் குறிப்பெடுத்தார். வழக்கம்போல் கவுன்சிலரின் கணவர் பதில் சொல்ல எழுந்தார். அப்போது கவுன்சிலர் அம்மாள், “இருங்க. அவங்க எங்கிட்டத்தான கேக்குறாங்க” என்றார். எழுந்து நின்று, எந்தத் தெருவுக்கு எந்த வால்வு, ஏன் தாமதம், தாம் மாமன்றத்தில் எத்தனை முறை கேட்டார் என்று அவரே சொன்னார். சில பதில்கள் சரியாக இருந்தன. சில மழுப்பலாகவும் இருந்தன. ஆனால் பேசியது அவர்.

அந்தக் கூட்டத்துக்குப் பின் தெருவில் பொன்விளையவில்லை. பள்ளிக்கூடத்து முக்கில் விளக்கு எரிகிறது. தண்ணீர் வரும் நாள் கரும்பலகையில் முதல்நாளே எழுதப்படுகிறது. எழுதுபவர் அக்கா, சொல்லியனுப்புபவர் கவுன்சிலர். சாக்கடை அவ்வப்போது பொங்கத்தான் செய்கிறது. நாலு வரிகளில் இரண்டேகால் நிறைவேறியிருக்கிறது எனலாம். வென்றவரும் தோற்றவரும் சேர்ந்து நிறைவேற்றிய கணக்கு அது.

அந்த மாமன்றங்களுக்கு அரசியல் சட்டம் தந்த ஆயுள் 2027 தொடக்கத்தோடு முடிகிறது. அடுத்த தேர்தல் உரிய காலத்தில் நடக்கவேண்டும் என்பதில் நாம் கண்ணாயிருக்க வேண்டும். மன்றமே இல்லாத வருடங்களை இன்னொரு முறை அமைதியாகக் கடந்துபோகக் கூடாது. வேட்பாளர்கள் வாசற்படிக்கு வரும்போது கதவை அரைகுறையாகத் திறந்து துண்டறிக்கையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாமல், ஒரு நிமிடம் நிறுத்திக் கேட்போம்: வென்றால் எந்தத் தேதியில், எந்த இடத்தில் நின்று எங்களுக்குக் கணக்குச் சொல்வீர்கள்? இடத்தையும் தேதியையும் சொல்லத் தெரிந்தவர் யாரோ, அவர் எந்தச் சின்னத்தில் நின்றாலும், நம் வார்டுக்கு வேண்டியவர் அவர்தான்.